ராதியா மாற்றிய பேரிங்குகள்

எல் போர்மா எண்ணெய் வயல்
8 பிப்ரவரி 1987

என் ராதியாவுக்கு,

நான் நலம். இங்கே பகலெல்லாம் மணல், மூன்று வேளையும் அவித்த பீன்ஸ். வாடிக்கையாளர்களுக்காக நீ தைத்துக்கொண்டிருந்த கல்யாண உடுப்புகள் முடிந்தனவா?

யோசித்துப் பார்த்தேன். நீ சண்டை போட்டதில் தப்பே இல்லை. உன் தங்கையின் கல்யாண விருந்தன்றுகூட நான் உப்பளத்தில் மாதிரி விமானம் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். போதும். அலமாரி மேலிருக்கும் விமானத்தையும் எஞ்சினையும் ஹம்மாதிக்கு விற்றுவிடு. எங்கள் மாதிரி விமான மன்றத்தில் அவனுக்குத்தான் ரொம்ப நாளாக அதன்மேல் கண். இனி ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கே.

கடவுள் உன்னை எனக்காகக் காக்கட்டும்.
மொன்செஃப்

*

ஸ்ஃபாக்ஸ்
19 பிப்ரவரி 1987

அன்பு மொன்செஃப்,

எங்கே மனசு மாறிவிடுவாயோ என்ற பயத்தில், கடிதம் வந்த மறுநாளே எஞ்சினைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். ஹம்மாதி அச்சை விரலால் சுற்றி, காதில் வைத்துக் கேட்டார். முகம் கோணிப்போனது.

"தங்கச்சி, இது எஞ்சினா, காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷினா? பேரிங் ரெண்டும் துருப்பிடிச்சுப் போச்சு. உன் புருஷனுக்கு விமானம் விடத் தெரியும், வச்சுக் காப்பாத்தத் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. உன்னைத் திட்ட எனக்கு உரிமை உண்டு; அவருக்கு யார் கொடுத்தது? "பேரிங்தானே? மாத்திக் கொண்டு வர்றேன், அப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் உறைத்தது: பேரிங் என்றால் எது? உடனே எழுது. விற்பதற்காகத்தான் கேட்கிறேன். வேறெதுவும் கற்பனை செய்துகொள்ளாதே.

உன் ராதியா

*

எல் போர்மா
27 பிப்ரவரி 1987

என் தைரியசாலிக்கு,

ஹம்மாதி சொன்னது உண்மை. கடைசியாகப் பறக்கவிட்ட அன்று நாம் போட்ட சண்டையில் அதைத் துடைக்காமல், எண்ணெய் விடாமல் தூக்கி வைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் கழற்றி, எஞ்சினின் வெறும் உலோகக் கூட்டை மட்டும் ரொட்டி சுடும் அடுப்பில் வை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று பறக்க வேண்டும். கைத்துணியால் பிடித்து, கவிழ்த்து, மரப்பலகையில் தட்டு. பின்பக்கத்துப் பெரிய பேரிங் தானே விழும். முன்பக்கத்துச் சின்னதை உள்ளேயிருந்து மரக்குச்சியால் தள்ளு. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பேரிங்கில் பொறித்த எண்ணுக்குப் பின்னால் 'சி3' என்று இருக்கிறதா பார்; உள்ளே குண்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் தளர்வு உண்டு என்பதற்கு அதுதான் குறி. கூட்டுக்குள் இறுக்கமாக உட்காரும்போது குண்டுகள் நெரிபடாமல் இருக்க அந்தத் தளர்வு தேவை. பெரியது இருபக்கமும் திறந்திருக்கட்டும். சின்னதற்கு வெளிப்பக்கம் மட்டும் மூடி. புதியவற்றைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, சூடான கூட்டுக்குள் நேராக விடு. சுத்தியல் மட்டும் வேண்டாம். உன் கோபம் எனக்குத் தெரியும்.

மொன்செஃப்

*

ஸ்ஃபாக்ஸ்
16 மார்ச் 1987

மொன்செஃப், மொன்செஃப்,

அவசர அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

பேரிங் கடைக்காரர், "வாஷிங் மெஷினுக்கா, மேடம்?" என்றார். "விமானத்துக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே ஒன்றை நீட்டினார். "இதுல சி3 இல்லையே?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றது, உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார்.

எஞ்சினில் ஊறியிருந்த எண்ணெய் அடுப்பில் சூடாகி, வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாடை. பழையவை விழுந்துவிட்டன, ஆனால் புதியதில் பெரியது முதலில் கோணலாகப் போய் மாட்டிக்கொண்டது. அழுகை வந்தது. சுத்தியலைத் தேடினேன் (கண்டுபிடிக்க முடியவில்லை, நன்றி கடவுளே). திரும்பச் சூடாக்கினேன். இரண்டாம் முறை விட்டதும் 'டக்' என்று தானே உட்கார்ந்தது. முழுக்கப் பூட்டி அச்சைச் சுற்றிப் பார்த்தேன், சத்தமே இல்லை! சும்மா சும்மா சுற்றிக்கொண்டே இருந்தேன்.

நேற்று ஞாயிறு. விமானத்தில் மாட்டி, உப்பளத்துக்குக் கொண்டுபோனேன். ஹம்மாதி விசிறியைத் தட்டிவிட்டதும் எஞ்சின் போட்ட கூச்சல் இருக்கிறதே! என்ன விலை என்று கேட்டார். நான் விமானத்தின் இறக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல நீயே ஒரு சுத்து விடு தங்கச்சி" என்று விமானத்தைக் கட்டியிருக்கும் நீளக் கம்பிகளின் கைப்பிடியை என் கையில் கொடுத்தார். விமானம் என்னைச் சுற்றியது, நானும் சுற்றினேன். ஏழாவது சுற்றில் தலை கிறுகிறுத்து மல்லாந்து விழுந்தேன். விமானம் சேற்றில் குத்தியது. விசிறி மட்டும்தான் உடைந்தது. படுத்தபடியே சிரித்தேன்.

நான் விற்கப்போவதில்லை.

ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷம் நான் திட்டியது விமானத்தையா? நீ காலையில் கிளம்புவாய், நான் கதவைச் சாத்துவேன். ஒரே ஒரு நாள் "நீயும் வா" என்று கூப்பிட்டிருந்தால் என்ன?

ராதியா

*

எல் போர்மா
24 மார்ச் 1987

என் ராதியாவுக்கு,

நாலு முறை படித்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, "வீட்டுல குழந்தை பொறந்திருக்கா?" என்று சமையல்காரர் கேட்டார்.

ஏன் கூப்பிடவில்லை? நீ சிரிப்பாய் என்று பயந்தேன். நாற்பது வயசு ஆம்பளை, கையில் பொம்மை விமானம். நீ திட்டினால் தாங்கிக்கொள்வேன். சிரித்தால் தாங்கமாட்டேன் என்று நினைத்தேன். உப்பளத்தில் படுத்து நீ சிரித்த சிரிப்பைப் பக்கத்தில் நின்று கேட்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இப்போது ஏங்குகிறேன்.

ஏப்ரல் மூன்றாம் தேதி வருகிறேன். ஐந்தாம் தேதி மன்றத்துப் போட்டி. ஹம்மாதியிடம் உன் பெயரைக் கொடுத்துவிடு. தலை சுற்றாமலிருக்க விமானத்தை மட்டுமே பார், தரையைப் பார்க்காதே. கிளம்பும்வரை விமானத்தை நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ சொன்னதும் விடுகிறேன்.

இப்படிக்கு,
விமானி ராதியாவின் உதவியாள்
மொன்செஃப்