பத்து முதல் ஒன்று வரை

செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம். நானும் நலம் என்றே வைத்துக்கொள். போனில் யார் பேசினாலும் ஸ்பீக்கரில்தான் பேசவேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். அதனால் இதைத் தாளில் எழுதி, கடைவீதி நெட் கடையில் ஸ்கேன் செய்து உன் மெயிலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.

சுற்றுலாத் தகவல் மையத்தில் இப்போது கூட்டமே இல்லை. வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: கழிப்பறை எங்கே, சார்ஜ் போட இடம் உண்டா. மற்றதையெல்லாம் போன் சொல்லிவிடுகிறது. நான் கொடுக்கும் வரைபடத்தை விசிறிக்கொள்ளத்தான் வாங்குகிறார்கள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. பயம் வேறு. போன வருடம் லீவில் வந்தபோது என் கரும்பலகையைப் படம் எடுத்து போன் மேப்பில் போட்டாயே, நினைவிருக்கிறதா? 'தீவுக்கு நடந்து போகும் நேரம்: 10 முதல் 1 வரை.' கடல் உள்வாங்கும் நேரம் தினமும் மாறும் என்பதால்தான் காலையில் அழித்து அழித்து எழுதுகிறேன். அது அந்த ஒரு நாளைய நேரம். போனில் என்றைக்குமான நேரமாகிவிட்டது. தேதி போடாதது என் தப்பு. பலகைக்குப் பக்கத்தில் நான்தான் நிற்கிறேனே, தேதி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இப்போது போகாதீர்கள் என்று தடுத்தால், போனை நீட்டி, "சார், இது உங்க போர்டுதானே?" என்கிறார்கள். என் கையெழுத்தே என்னோடு வாதாடுகிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு, பாதி வழியில் மாட்டிக்கொண்டார்கள். இடுப்பளவு தண்ணீர். படகுக்காரர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் மூவரும் பிழைத்தார்கள். குழந்தையை என் கையில்தான் கொடுத்தார். உடம்பு சில்லென்று இருந்தது. அழவேண்டுமே என்று காத்திருந்தேன். அழுதது.

படத்தைப் போட்டது யார் என்று அதிகாரி விசாரித்தார். நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னை யார் கேட்டாலும் அப்படியே சொல். ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கிறது, என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். நீ நல்லது நினைத்துத்தான் போட்டாய். மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

படத்தை நீக்கச் சொல்லி அந்த மேப் கம்பெனிக்கு நெட் கடைக்காரரை மூன்று முறை எழுதச் சொன்னேன். பலருக்குப் பயன்படும் தகவல் என்று நன்றி சொல்லிப் பதில் வருகிறது. போட்டவரால்தான் நீக்கமுடியும் என்கிறார் அவர்.

ஆகவே படித்த கையோடு அந்தப் படத்தை அழித்துவிடு. அதுவரை தினமும் பத்து மணிக்கு மையத்தைப் பூட்டிவிட்டு மணல் ஓரம் போய் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும்தான். அம்மாவிடம் வாக்கிங் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பிய மாதிரி தெரியவில்லை.

நீயும் அங்கே தெரியாத ஊரில் போனைப் பார்த்துத்தான் நடக்கிறாய். பக்கத்தில் நிற்பவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், கண்ணு.

பதில் மெயில் பார்க்க எனக்குத் தெரியாது. படத்தை அழித்ததும் வீட்டுப் போனுக்கு 'சாப்பிட்டேன்' என்று மட்டும் அனுப்பு. அம்மாவுக்கு அது போதும். எனக்கும்.

நல்லபடியாக இரு.

உன் அப்பா