குழாய் சில்லிட்ட செவ்வாய்க்கிழமை

ஷுஷுஃபிந்தி,
சனிக்கிழமை.

அன்புள்ள செகுந்தோவுக்கு எர்லிண்டா எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். எஸ்மெரால்தாஸ் கடற்காற்று உங்கள் இருமலுக்கு ஒத்துக்கொள்கிறதா? சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் அச்சு அசல் உங்கள் அம்மாதான்.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை துவைத்த துணியை வழக்கம்போல எண்ணெய்க் குழாய்மேல் காயப்போட்டேன். இந்த மழையில் நமக்கு வேறு ஏது சூடு? மத்தியானம் எடுக்கப் போனால் உங்கள் நீலச் சட்டை சொட்டச் சொட்ட ஈரம். குழாய் சில்லென்று கிடந்தது. பக்கத்து வீட்டு சோயிலா, "பம்ப நிறுத்திருப்பாங்கடி, போய்ச் சோத்தப் பாரு" என்றாள். பம்ப் இரைச்சல் கேட்டுக்கொண்டுதானே இருந்தது? அவளையும் இழுத்துக்கொண்டு குழாயோடு மேலே நடந்தேன்.

ஓடைக்கரையில் குழாய் வெடித்துக் கிடந்தது. தண்ணீரெல்லாம் கறுப்பு. அப்போதே கம்பெனி ஆபீசுக்கு ஓடிப் போய்ச் சொன்னோம். காவலாளி, "எழுதி வச்சுக்கிறேன், போங்க" என்றான். வியாழக்கிழமை காலையில்தான் வந்து வால்வை மூடினார்கள். இரண்டு நாள், செகுந்தோ! எண்ணெய் அகுவாரிகோ ஆற்றுவரை போய்விட்டது. கீழ்க்கரைக்காரர்கள் தெரியாமல் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்கள்.

நேற்றுக் காலை கம்பெனி இன்ஜினியர் ஒரு காகிதத்தில் என் கையெழுத்துக் கேட்டு வந்தார். வியாழன் காலை உடைந்தது, உடனே அடைத்தாயிற்று என்று அதில் எழுதியிருந்தது. "நீங்க கிழமைய மறந்திருப்பீங்கம்மா" என்று சிரித்தார். "நான் மறந்தாலும் சட்டை மறக்காதுங்க" என்றேன். நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் நம்ம கம்பெனியிலதான வெல்டரு?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போடவில்லை.

சாயங்காலம் நீங்கள் கடைக்குப் போன் செய்து, "போட்டுத் தொலைக்கச் சொல்லு, பிள்ளைங்க சாப்பிட வேணாமா" என்றீர்களாம். கடைக்காரர் வந்து சொன்னார். உங்கள் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியே நினைக்க விடுங்கள்.

திங்கட்கிழமை நானும் சோயிலாவும் லாகோ அக்ரியோ கோர்ட்டுக்குப் போய், குழாய் உடைந்தது செவ்வாய்க்கிழமை என்று சொல்லப் போகிறோம். உங்கள் வேலை போனால் போகட்டும். கோக்கோ காய்த்திருக்கிறது, எனக்குக் கை கால் இருக்கிறது. நீலச் சட்டையை அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்தி மடித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் புகை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் உங்களை அனுப்பினாலும் தலை குனியாமல் வீட்டுக்கு வாருங்கள். மாதா உங்களைக் காப்பாள்.

இந்த வாரம் நான் போடுகிற ஒரே கையெழுத்து இதுதான்,
உங்கள் எர்லிண்டா.