இரண்டு கையாலும்

அன்பு மகளுக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்து, குடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. மடியில் கிடந்தால் கை சும்மா இருக்கிறது; சவரக்கத்தியை எடுத்தால்தான் ஆடுகிறது. ஒரு வாய் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும். அதற்காகத்தான் குடித்தேன். நேற்று ஒருவர் பாதிச் சவரத்தோடு எழுந்து ஓடிவிட்டார். கடையைப் பூட்டிவிட்டேன்.

அது கிடக்கட்டும். டாக்டர், "இது நரம்புக் கோளாறுங்க. நிறையப் பேருக்கு வர்றதுதான். பரம்பரையாவும் வரும்" என்றார்.

நீ ஊசி போடுகிற நர்ஸ். உடனே யாரிடமாவது கையைக் காட்டு, தாயே.

கடைசியாக வந்து சண்டை போட்டாயே, அன்று தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாய். இவ்வளவு கோபத்திலும் அப்பனுக்கு என்ன மரியாதை என்று பூரித்துப் போனேன்.

உன் அப்பா