வேட்பாளருக்கு இருபத்தெட்டு நிமிடம்

ஜனவரி 5, புதன்

என் நேர்காணல் நிகழ்ச்சிக்கு இந்தப் பருவத்தின் முதல் விருந்தாளி ஹோலிஸ். ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். யார் யார் வீட்டுத் தபால்பெட்டியை இடித்துத் தள்ளினார் என்று கடைசிவரை அதையே சொன்னார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற பெவ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பெட்டியும் அதில் உண்டு.

நூலகத்தின் கீழ்த்தளம்தான் எங்கள் ஊர்த் தொலைக்காட்சி நிலையம். நிலையத்தை நடத்தும் பெர்ரின் ஒருவனுக்குத்தான் சம்பளம், மற்றவர்கள் எல்லாம் சும்மா வருகிறவர்கள். ஊரில் யார் வந்து கேட்டாலும் நேரம் தரவேண்டும். வெட்டுவது ஒட்டுவது கிடையாது. பதிவானது பதிவானதுதான், வாரம் முழுக்க ஓடும்.

ஜனவரி 12, புதன்

ஓபல் டுஃப்ரேன் வந்தாள். பின்னிய கையுறைகளைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. உட்கார்ந்ததும், "உன் வேன் இருந்திருந்தா நான் இப்படி அடுத்தவங்க கால்ல விழுந்து வரவேண்டியதில்ல லூசில்" என்றாள். "உன் தம்பிதானே எழுந்து நின்னு நிறுத்தச் சொன்னான்?"

கட்டைவிரலை எப்படிப் பின்னுவது என்று கேட்டேன்.

ஜனவரி 13

ஓபல் சொன்னது நேற்றிரவே ஓடிவிட்டது. சரி, இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஊரின் முதியோர் வேனை நான்தான் ஓட்டினேன். மருத்துவர், கடை, முடிவெட்டு, எல்லாவற்றுக்கும். மூன்று வருடத்துக்கு முன் ஊரார் எல்லோரும் கூடி ஓட்டுப்போடும் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், வரவுசெலவு பேசும்போது என் தம்பி ஆர்மண்ட் எழுந்து, வேன் செலவை நீக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான். யாரோ வழிமொழிந்தார்கள். கை தூக்கினார்கள். முடிந்தது. நான் கூடத்துக்குப் பின்னால் சமையலறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பன்றித்தொடைக் கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். பரிமாறும் ஜன்னல் திறந்திருந்தது.

அதிலிருந்து பேச்சு இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் அவன் வீடு. குப்பைத்தொட்டியை வெளியே வைத்தால் எனக்குத் தெரியும், நான் வைத்தால் அவனுக்குத் தெரியும். அம்மா வீட்டை எனக்கு எழுதிவைத்தாளே, அந்த வஞ்சம். வேறென்ன இருக்க முடியும்.

ஜனவரி 19, புதன்

விருந்தாளி வரவில்லை. நாய்களுக்கு உரிமம் வாங்குவது எப்படி என்று முழு நேரமும் வாசித்தேன். நன்றாக இருந்ததாக இருவர் சொன்னார்கள்.

ஜனவரி 26, புதன்

வெண்டல் புரூயிட், தேனீ வளர்க்கிறவர். நல்ல பேச்சு. முடியும் தறுவாயில் கேமராவைப் பார்த்து, "அப்புறம், ஊர்க்குழுவுல காலியான இடத்துக்கு நான் நிக்கிறேன். நேத்துதான் பேர் குடுத்தேன்" என்றார். நானும் அசட்டுத்தனமாக வாழ்த்துச் சொன்னேன். பெவ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த இடத்துக்கு நிற்கிற இன்னொருவன் ஆர்மண்ட்.

ஜனவரி 27

நிலையத்து விதி: ஒரு வேட்பாளர் பேசினால் எதிர்த்து நிற்பவருக்கும் அதே இருபத்தெட்டு நிமிடம். அதே மேஜை, அதே கேள்விகள், கேட்பதும் அதே ஆள்.

"எனக்குப் பதிலா பெவ் கேக்கட்டுமே" என்றேன்.

"விதி எழுதின குழுவுல நீங்களும் இருந்தீங்க, லூசில்" என்றான் பெர்ரின்.

இருந்தேன். பெரிய நியாயஸ்தி.

பிப்ரவரி 2

ஆர்மண்ட் வரமாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பெர்ரின் கூப்பிட்டதும், "வர்றேன்" என்றானாம். அவ்வளவுதான் சொன்னானாம்.

பிப்ரவரி 9, புதன்

வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. இளைத்திருக்கிறான்.

அதே கேள்விகள்தானே விதி? கேட்டேன். "குளிர்காலத்துல தேனீ எப்படிப் பிழைக்குது?"

"வெண்டலக் கேளு."

"கேட்டாச்சு."

"அப்ப அவர் சொன்னதுதான்."

கேமரா குலுங்கியது, பெவ் சிரிக்கிறாள். தேனை எதனுடன் சாப்பிடப் பிடிக்கும் என்றேன். "எனக்கு இனிப்பு ஆகாது. உனக்குத்தான் தெரியுமே" என்றான்.

கேள்விகள் தீர்ந்துவிட்டன, நேரம் பாதிகூடத் தீரவில்லை. பெர்ரின் கையைச் சுழற்றிக் காட்டுகிறான் — பேசு, பேசு. ஆர்மண்ட் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"வேனை ஏன் நிறுத்தினே?"

செடியின் இலையை ஒருமுறை தடவினான். பிறகு சொன்னான். "அந்த வருஷம் வரி ஏறிப்போச்சுன்னு எல்லாரும் முனகிட்டிருந்தாங்க. எழுந்து எதையாவது குறைக்கச் சொன்னா மதிப்பா இருக்கும்னு தோணுச்சு. கையில இருந்த தாளைப் பாத்தேன். வேன்னு போட்டிருந்துது. எழுந்துட்டேன்."

"நான் ஓட்டின வேன்."

"அது உக்காந்தப்புறம்தான் உறைச்சுது. அதுக்குள்ள ஓட்டு எடுத்தாச்சு, லூ. திரும்பிப் பாத்தேன், அந்த ஜன்னல்ல உன் மூஞ்சி. அப்புறம் என்னத்த வந்து சொல்ல?"

மீதி நேரம் என்ன பேசினோம் என்று ஞாபகமில்லை. சாலை, பாலம், ஏதோ.

மூணு வருஷம் என்மேல வஞ்சம் வெச்சிருந்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வஞ்சம் வெக்கக்கூட இவன் என்னை நெனைக்கல. சே. இதுல எது பெருசு? எதுக்கு அழறேன்னே தெரியல.

பிப்ரவரி 10

புதிதாக ஒரு கேள்வி கேட்டதால் வெண்டலிடமும் அதைக் கேட்டாகவேண்டும் என்றான் பெர்ரின். தொலைபேசியில் கேட்டோம். "நிறுத்தச் சொன்னப்ப வழிமொழிஞ்சதே நான்தானே" என்றார் வெண்டல் சந்தோஷமாக. அவரை வாழ்த்தி அனுப்பினேனே.

பிப்ரவரி 14

நிகழ்ச்சி தினமும் ஓடுகிறது. தபால் நிலையத்தில் இருவர் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஆர்மண்டுக்கு இனி ஓட்டு விழாதாம். மதிப்புக்காக எழுந்தேன் என்று தன் வாயாலேயே சொன்னவனுக்கு யார் போடுவார்கள் என்கிறாள் பெவ். அவன் ஒன்றும் போய்ப் பெர்ரினிடம் அழிக்கச் சொல்லவில்லை.

மார்ச் 1, செவ்வாய்

ஊர்க்கூட்டம். இந்த வருடமும் நான் சமையலறையில்தான். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பதை இங்கேகூட எழுதப்போவதில்லை. வெண்டல் ஜெயித்துவிட்டார், நல்ல வித்தியாசத்தில்.

வரவுசெலவு வந்தபோது ஆர்மண்ட் எழுந்தான். அப்போதுதான் தோற்றிருந்தான். "முதியோர் வேனுக்குப் பழையபடி பணம் ஒதுக்கணும்னு முன்மொழியறேன்" என்றான்.

"வழிமொழிய யாராவது?" என்றார் கூட்டத் தலைவர்.

ஒரு குரல் இல்லை. ஓபலைத் தேடினேன், தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வேன் இனி வேண்டாம், அதில் ஏறி இறங்க முழங்கால் மடங்குவதில்லை. நானே எழுந்தால் பழைய வேலைக்கு அலைகிறேன் என்பார்கள். சொல்லட்டும் என்று தோன்றியது. ஜன்னல் வழியாக, "நான் வழிமொழியறேன்" என்றேன்.

"சமையலறையில இருக்கறவங்க கூடத்துக்கு வந்து சொல்லணும்" என்றார் தலைவர்.

கரண்டியும் கையுமாகப் போய் நின்று சொன்னேன். ஓட்டெடுத்தார்கள். தோற்றது, படுதோல்வி. தூக்கிய கைகளை உட்கார்ந்தபடியே எண்ணிவிடலாம்.

சாப்பாட்டு வரிசையில் அவன் தட்டோடு வந்து நின்றான். பீன்ஸ் வேண்டுமா என்றேன்.

"போடு" என்றான்.

மார்ச் 16, புதன்

பருவத்தின் கடைசி நிகழ்ச்சி. பெவ் மகள் வீட்டுக்கு ஃபுளோரிடா போய்விட்டதால், கேமராவுக்கு ஆர்மண்டைப் பிடித்திருக்கிறான் பெர்ரின். தோற்றுப்போனதால் புதன்கிழமை ஊர்க்குழுக் கூட்டங்களுக்கு அவன் போகவேண்டியதில்லையே. படத்தில் விருந்தாளியின் காது மட்டும்தான் விழுந்திருக்கிறது. வெட்டி ஒட்ட முடியாதே என்று பெர்ரின் புலம்பினான். அப்படியே ஓடட்டும் என்றேன்.

பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. அவன் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது, அதனால் என் காரில் ஏறினான். ஆற்று வளைவில் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வேகமாப் போறே லூ" என்றான்.

"பிடிக்கலைன்னா இறங்கி நட" என்றேன்.

இறங்கவில்லை.