பரம்புக்கு முன்னால் சேறு

கொல்லிமலை, செம்மேடு
12-1-2005

அன்பு மகன் சின்னராசுவுக்கு,

உன் அப்பா சென்றாயன் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. முதியோர் வகுப்பில் எல்லா எழுத்தும் பழகிவிட்டேன். இப்போது பஸ் பலகையை நானே படித்து ஏறுகிறேன். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்.

இங்கே மிளகு பழுக்கிறது. மருமகள் ருக்குமணிக்கு மாசியில் பிரசவம். கடல் பொங்கிய நாளிலிருந்து உன் சேதி இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடலோரம் கல் கொட்டும் வேலைக்கு நீ போயிருக்கமாட்டாய் என்று அவளிடம் சொன்னேன். "தங்கற கொட்டாயும் கடலோரந்தானுங்க மாமா" என்றாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் பேப்பர் வாங்கி வந்து நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அந்தமான் உண்டான கதை ஒருநாள் வந்திருந்தது. கடலின் தரை நகம் வளரும் வேகத்தில் நகர்ந்து, பக்கத்துத் தரைக்கு அடியில் நுழைகிறதாம். நுழையும் இடத்தில் பெரும் பள்ளம். தரைமேல் படிந்த சேற்றில் பாதி உள்ளே போகாமல் வழிக்கப்பட்டுக் குவிகிறது. நம் வயலில் நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்தப் பரம்படிக்கும்போது பலகையோரம் உயர்ந்தும் முன்னால் மெலிந்தும் சேறு சேருமே, அதே மாதிரி. புதுச் சேறு அடியில் புகுந்து பழையதைத் தூக்கத் தூக்க, மேடு கடலுக்கு மேலே வந்துவிட்டது. நீ இருக்கும் தீவு அப்படி எழுந்ததுதான்.

"சேத்து மேலயா ஊடு கட்டிக் குடியிருக்காங்க?" என்று கேட்டாள். காலம் போகப் போக அது கல்லாக இறுகிவிடும் கண்ணு என்றேன். அடுத்த பக்கத்தையும் படிக்கச் சொன்னாள். கண்ணாடி அழுக்கு என்றேன். வாங்கி முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். நான் மறுபடி சேற்றுக் கதையையே தொடங்கினேன். "இதையத்தானுங்க நேத்தும் படிச்சீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த பக்கத்தில் நீ வேலை பார்க்கும் ஹட்பேயின் படங்களும் முகாமில் இருப்பவர்களின் பெயர்களும் இருந்தன. பஸ் ஸ்டாண்டிலேயே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். உன் பெயர் இல்லை. புதிதாகப் படிப்பவன், தவறவிட்டிருப்பேன் என்று திரும்பவும் படித்தேன்.

பரம்பு வேரில் மாட்டி நிற்கும். மாடு இழுக்க இழுக்கச் சட்டென்று விடுபட்டுத் துள்ளும். கடலுக்கடியிலும் அன்று அதுதான் நடந்ததாம். சின்ன வயதில் நீ பாரத்துக்குப் பலகைமேல் நிற்பாய். ஒருமுறை அது துள்ளியதில் குப்புற விழுந்தாய். நான் பதறி ஓடி வருவதற்குள் முகமெல்லாம் சேறோடு எழுந்து நின்று சிரித்தாய். அதையேதான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தச் சேதியானாலும் என் பெயருக்கே வரட்டும். முதலில் நான் படிக்கிறேன். நீ எழுதினால் நீட்டி எழுத வேண்டாம். உன் பெயரை மட்டும் எழுது. அதை நான் படித்துவிடுவேன்.

சேற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து வா, சாமி.

உன் வழி பார்த்திருக்கும் அப்பா,
சென்றாயன்