கயலின் படகுக் கணக்கில் என் பங்கு

திருப்பாதிரிப்புலியூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தேவநாதனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் மகள் கயலும் சௌக்கியம், என் முட்டி வலிகூட மழை விட்டதும் குறைந்துவிட்டது. மஸ்கட்டில் நீயும் மருமகள் இசைவாணியும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கயலை விட்டுப் போனில் படம் எடுக்கச் சொல்லாமல் பக்கத்து வீட்டு ஜான்சி மூலமாக அனுப்புகிறேன், கயலுக்குத் தெரியாது.

கயல் செய்கிற அந்தக் கயாக் படகைப் பற்றித்தான். சிதம்பரத்துக்கு ரயிலில் போய் வந்து படிக்கிற பிள்ளை, தை மாதம் கிள்ளைச் சதுப்புக் காட்டில் படிப்புக்காக நண்டுகளைக் கணக்கெடுக்க வேண்டும், வாடகைப் படகு அந்தக் குறுகின வாய்க்காலுக்குள் நுழையாது, அனுமதிக் கடிதமும் வாங்கிவிட்டாள். முப்பதாயிரத்துக்குள் முடி, தாண்டினால் நிறுத்து என்று நீதான் சொன்னாய். அவள் போட்ட பட்டியலை நான் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் என் கூட்டல் தப்பாது. மரைன் பிளைவுட் நாலு பலகை 11,600, பசையும் அதில் கலக்கிற மருந்தும் 6,300, மேலே ஒட்டுகிற கண்ணாடி நார்த் துணி 2,800, செம்புக் கம்பி, பிரஷ், கையுறை, உப்புத்தாள் 1,900, வார்னிஷ் 1,400, துடுப்புக்கு மரம் 900, லைஃப் ஜாக்கெட் 2,200, பாண்டிச்சேரியிலிருந்து வண்டி வாடகை 700. மொத்தம் 27,800. உள்ளேதான் இருந்தது.

போன வாரம் ஒரு பலகையைத் தப்பாக வெட்டிவிட்டேன் என்று உன்னிடம் சொன்னாளே, அது பொய். தப்பு என்னுடையது. வேலை தொடங்குகிற அன்று அவள் காலேஜ் போயிருந்தாள். வீட்டுக்கு நிலை வைக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, முதல் பலகையில் வெட்டி வைத்த துண்டுகளின் ஓரம் முழுக்க, கஞ்சத்தனம் இல்லாமல் தடவிவிட்டேன். தச்சர் கலியமூர்த்தியும் கற்பூரம் காட்டிக் கும்பிட்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. ரவிக்கைத் துண்டு மாதிரி அந்த ஓரங்களைத்தான் கம்பியால் சேர்த்துத் தைத்து உள்ளே பசை பூச வேண்டுமாம். எண்ணெய் ஊறின இடத்தில் பசை பிடிக்கவே இல்லை. எவ்வளவு தேய்த்தும் இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வந்தது. புதுப் பலகை ஒன்று 2,900, ஆக 30,700. எழுநூறு ரூபாய் ஏறினதற்கு நீ வேலையை நிறுத்தச் சொன்னாய். நான் போனைப் பிடுங்கப் போனபோது அவள் கையால் மறைத்துக்கொண்டாள். அப்புறம் என்னிடம், “ஆயா, அப்பாகிட்ட சொல்லிடாத. ஒன்ன ஒரு வார்த்த சொன்னாருன்னா எனக்குத் தாங்காது” என்றாள்.

நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று, பிரதோஷம் என்றைக்கு என்று காலண்டரைப் புரட்டினால் பின்னால் அவளுடைய பட்டியல். முப்பதாயிரத்துக்குள் கொண்டுவர லைஃப் ஜாக்கெட்டை அடித்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றுவதற்காக அந்த உப்புத் தண்ணீரில் அது இல்லாமல் இறங்கப் பார்த்திருக்கிறாள். அப்புறமும் நான் சும்மா இருந்தால் நான் என்ன பெரிய மனுஷி.

அதனால் அந்த 2,900 என் கணக்கு. உங்கப்பா பென்ஷனிலிருந்து எடுத்துப் பலகை வாங்கக் கலியமூர்த்தியிடம் கொடுத்தாகிவிட்டது. படகுக்கணக்கு பழையபடி 27,800, லைஃப் ஜாக்கெட்டை என் கையாலேயே மறுபடி எழுதிவிட்டேன். நீ ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். படகு நன்றாக வரும், பார். அவள் இழைத்து வைத்த துடுப்பைத் தடவிப் பார்த்தால் ஒரு சிலாம்பு குத்தாது. கலியமூர்த்தியே, “நம்ம பசங்க யாருக்கும் இந்தக் கை இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல் இருக்க பாடலீசுவரர் துணை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் புதுப் பலகை வருகிறது. அதற்கு முன்னால் கயலுக்குப் போன் பண்ணி, நிறுத்தச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள், மறக்காதே. இந்தத் தடவை மஞ்சள், படகு செய்கிற கொட்டகைத் தூணுக்கு மட்டும்தான். படகுக்குப் பொட்டு வைப்பது வார்னிஷ் காய்ந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அம்மா
சௌந்தரம்