சிவப்பு கீழே இருக்க வேண்டும்

டார்லிங்டன்,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் லின்சிக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்காலைத் தவிர, அது என்றைக்குத்தான் சௌக்கியமாக இருந்தது. நீங்கள் எல்லோரும் அந்த பெர்த் வெயிலில் வாடாமல் வதங்காமல் இருக்கவேண்டும், இங்கே வழக்கம்போல மழைதான், துணி காயவே மாட்டேன் என்கிறது. போன தடவை போனில் அப்பா ஏன் உம்மென்று இருக்கிறார் என்று கேட்டாயே, நான் தலைவலி என்று சொல்லி மழுப்பினேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வேறென்ன சொல்வது. இப்போது எல்லாவற்றையும் எழுதலாம், அவரே எழுதச் சொல்லிவிட்டார். டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார், கொஞ்சம் நீளமான கதை.

குட்டி ரயில் செய்து ஓட்டும் அப்பாவின் மாதிரி ரயில் கிளப்புக்கு நான் டீ ஊற்றப் போனவள்தான். ஒருநாள் டெஸ்மண்ட், அதுதான் நம் கிளப் தலைவர், நடுங்குகிற கையோடு முடி மாதிரி ஒரு வயருக்கு ஈயம் உருக்கி சால்டரிங் வைக்கப் பார்த்து மேசையைச் சுட்டார். நான் வாங்கி வைத்துக் கொடுத்தேன். ஸ்வெட்டர் பின்னுகிற கைக்கு இதெல்லாம் பெரிய காரியமா. அவ்வளவுதான், ஈஸ்டர் கண்காட்சிக்கு வைக்கும் புது ரயில் பாதைக்கு சிக்னல் முழுக்க என் தலையில் கட்டிவிட்டார்கள். சிக்னலுக்கு டிகோடர் என்று ஒன்று வேண்டும், தீப்பெட்டியைவிடச் சின்னப் பலகை, தண்டவாளத்திலேயே மின்சாரத்தோடு வரும் கட்டளையைக் கேட்டு, இந்த விளக்கை ஏற்று அந்த விளக்கை அணை என்று செய்யும். கடையில் அதிலேயே ஆயிரம் ரகம். விளக்குகளின் பொது வயர் பிளஸ்ஸா மைனஸா என்று பார்த்து வாங்காவிட்டால் ஒன்றும் எரியாது, நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டி வெட்டும்போதுகூட பிளஸ் மைனஸ் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு வழி மிச்சம் இருந்தது. ஒரே கண்ணில் மூன்று நிறமும் மாறி மாறி வரும் சிக்னல், அதற்கு ஒரு டிகோடர், இது டெஸ்மண்டின் கட்சி, பார்க்க அழகு, வேலையும் குறைவு. இன்னொன்று மூன்று விளக்கும் மேலும் கீழுமாகத் தனித்தனியாக இருப்பது, அதற்கு வேறு டிகோடர், இது அப்பாவின் கட்சி. ஏன் என்று கேட்டால் அவரிடம் காரணம் கிடையாது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். எனக்கும் அந்த ஒற்றைக் கண்தான் பிடித்திருந்தது, அதைத்தான் வாங்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன்.

இருந்தாலும் இரண்டையும் வைத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு வியாழக்கிழமை சோதனை ஓட்டம். மூன்று விளக்கு சிக்னலை நான்தான் வீட்டில் உட்கார்ந்து கட்டியிருந்தேன். அப்பா கன்ட்ரோலரைப் பிடித்து அஞ்சல் ரயிலை ஓட்டினார், உனக்குத்தான் தெரியுமே, கண்காட்சியில் அந்த அஞ்சல் ரயிலை ஓட்டுவதுதான் அவருக்கு வருஷம் முழுக்கப் பேச்சு. பச்சை விழுந்தது, அப்பா அழகாகக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பு விழுந்தது, அப்பா ஜம்மென்று கிளம்பிப் போய் முன்னால் நின்ற பால் வண்டியை இடித்துத் தள்ளினார். கிளப்பில் அப்பாவின் கூட்டாளி வால்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யோவ் க்ளிஃப், ரோடு போட்டது உங்கப்பன்தானா, என்றார். மேசைக்கு அடியில் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த டெஸ்மண்ட் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஏம்மா ஹேசல், சிவப்பை உச்சியில வச்சிருக்கியே, இது ரயில் சிக்னலா இல்ல மார்க்கெட் தெரு சிக்னலா, என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. தெருவில் சிவப்பு மேலே, ரயிலில் சிவப்பு கீழே, டிரைவர் கண்ணுக்குப் பக்கத்தில். நான் தெரு சிக்னல் நினைப்பிலேயே தலைகீழாகக் கட்டியிருக்கிறேன். க்ளிஃப் ரத்தத்திலேயே ரயில் ஓடுது, அதான் இடத்தப் பாத்தே ஓட்டிட்டான், என்று ஆளுக்கு ஆள் அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். அடுத்து ஒற்றைக் கண் சிக்னல். அப்பா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, பூனைக்குச் சோறு வைக்கணும், என்று கோட்டை மாட்டினார். பூனைக்கு நான் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அதற்குப் பிறகு கிளப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டார். கண்காட்சிக்கும் வரப்போவதில்லை, வேறு யாராவது ஓட்டட்டும் என்றார். எனக்கு ஆறவில்லை லின்சி. இடத்தைப் பார்த்து ஓட்டினார் சரி, பச்சை அப்படிப் பளிச்சென்று எரிகிறதே, அது கண்ணில் படாதா. ஒருநாள் அடுப்படி மேசையில் அந்த ஒற்றைக் கண்ணை மட்டும் வைத்துப் பச்சையை ஏற்றி, அவர் முட்டையும் பேக்கனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இது என்ன கலர் என்று நேராகக் கேட்டேன். ஃபோர்க்கைக் கீழே வைத்தார். தெரியல ஹேசல், என்றார், எப்பவுமே தெரியாது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவர் ரயில்வேக்குப் போயிருக்கிறார், உன் தாத்தா ஓட்டிய அதே அஞ்சல் ரயிலை ஓட்ட. கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம், எனக்கு அந்தக் கரி வேலை புடிக்கலப்பா, என்று சொல்லியிருக்கிறார். தாத்தா அதை நம்பி, சாகும்வரை மகன் தன் தொழிலைக் கேவலமாக நினைக்கிறான் என்றே இருந்தாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது, என்ன செய்ய. இத்தனை வருஷமாகப் பழுக்காத தக்காளியைப் பறித்துக்கொண்டு வந்ததற்கு நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன். அதையும் சொன்னேன், அவரும் சிரித்தார், முட்டை ஆறிப்போய்விட்டது.

அடுத்த வியாழக்கிழமை நான் போய், மனசு மாறிவிட்டது, மூன்று விளக்குதான் வேண்டும் என்று சண்டை போட்டேன். காரணத்தைச் சொல்லமுடியுமா, அது அவருடைய விஷயம். பின்வரிசையில் நிற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும், அது இது என்று அளந்தேன், டெஸ்மண்ட் மசியவில்லை, போன வாரம் ஒண்ணு இந்த வாரம் ஒண்ணாம்மா, என்றார். அப்போது கதவைத் திறந்துகொண்டு உன் அப்பா வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவ எனக்காகப் பேசுறா, எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது, விளக்கு எங்க எரியுதுன்னுதான் தெரியும், ஒத்தக் கண்ணுன்னா நான் குருடன், என்று ஒரே மூச்சில் சொன்னார். பிறகு டெஸ்மண்ட், அடப்பாவி, அதான் நம்ம குட்டி ஸ்டேஷன் பின்னாடி செடிவேலியெல்லாம் பழுப்பா பெயின்ட் அடிச்சியா, நான் இலையுதிர்காலம்னு நெனச்சு ஊர் முழுக்கப் பெருமையடிச்சேனே, என்றார். எல்லோரும் சிரிக்க, வால்டர் மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கினார், பள்ளிப் பையன் மாதிரி. எனக்கும் அப்படித்தான்பா, என்றார், என் பொண்டாட்டிக்கே தெரியாது. உன் அப்பா அவரைப் போய்க் கட்டிப்பிடித்தார். அந்த ஆள் என்னையே வெளியில் வைத்துக் கட்டிப்பிடித்தது கிடையாது.

டிகோடரும் நல்லதாகவே கிடைத்தது. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வழி, ஒன்று மெதுவாக மங்கி அணைந்து, ஒரு கணம் இருட்டாகி, பிறகுதான் அடுத்தது ஏறும். அந்த இருட்டு அப்பாவுக்காக, விளக்கு இடம் மாறுவதை அவர் தவறவிடமாட்டார். பழைய குண்டு பல்பு இப்படித்தான் அணையும் என்று டெஸ்மண்டுக்கு வாயெல்லாம் பல். சிக்னல் எல்லாவற்றையும் பிரித்து, சிவப்பைக் கீழே வைத்து மறுபடி கட்டினேன், விரலெல்லாம் சூடு. கண்காட்சியில் உன் அப்பா நாள் முழுக்க அஞ்சல் ரயிலை ஓட்டினார், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, கறி அடைத்த பாஸ்டியை வாயில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு சிவப்பிலும் நின்றார். தாத்தாவின் பழைய ரயில்வே தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். கண் டாக்டரிடம் கேட்டேன், இது அப்பாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வருமாம். உனக்குக் கண்ணில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் உன் பிள்ளை ஜோயலுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பள்ளி திறப்பதற்குள் அவனைக் கூட்டிப்போய்க் காட்டு, தள்ளிப்போடாதே. ரேச்சல் பெண்பிள்ளை, அவளுக்கு வராது என்கிறார்கள், ஆனால் நாளைக்கு அவளுக்குப் பிறக்கும் பையனுக்கு வரலாம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று அலையாதே. கடவுள் உங்கள் எல்லோரையும் நன்றாக வைத்திருக்கட்டும், குழந்தைகளுக்கு என் முத்தம்.

அப்பா பின்னால் நின்று நான் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஜோயலுக்கு இருக்குன்னு தெரிஞ்சா நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், போனை அவன்கிட்டக் குடு, நானே சொல்றேன், என்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
ஹேசல்